ஓடைக்கரைப் பொடவு

கருக்கம்பாளையம்
தாது வருஷம், மாசி 5

செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் வெங்கடாசலம் வாத்தியாருக்கு, மணியன் பெண்சாதி பாவாயி எழுதிக்கொண்டது.

பிள்ளையார் சுழி போடவில்லை. அன்றைக்கு அவரும் அங்கே இல்லை. இருந்தவர்களை மட்டும் எழுதுகிறேன். பிசகு இருந்தால் திருத்துங்கள்.

கார்த்திகை பதினொன்று, வியாழக்கிழமை, காலையில் ஓடைக்கரையில் இருந்தவர்கள்: வாத்தியார் வெங்கடாசலம், அது நீங்கள், ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் மூங்கில் குச்சி. சென்னியப்பன் மகன் சின்னண்ணன்; தகப்பனைப் போலவே எதற்கும் முன்னால் நிற்காதவன், அன்றும் பின்னால் நின்றான், தப்பித்தான். முத்தாயம்மாள் பேத்தி சாலம்மாள். தட்டான் வீட்டு ஆண்டி. எங்கள் காட்டில் வேலை செய்யும் அங்காளம்மாள் மகன் காத்தான். பள்ளிக்கூடத்தில் தள்ளி உட்காருகிறவன், கரையிலும் தள்ளித்தான் நின்றான். கரைக்கு மேலே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சென்னியப்பன். என் கல்யாணப் பந்தலுக்கு எங்கள் மாமனாரிடம் வாங்கிப்போன கயிற்றை இரண்டு முழம் குறைத்துத் திருப்பிக் கொடுத்தவன். பிறகு மயிலம்மாள். என் மகன் மருதாசலத்தின் மூத்த பெண். பத்து வயசு முடிந்து மூன்று மாசம்.

நான் அங்கே இல்லை. வீட்டில் ராகி திரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. இடி என்று நினைத்து, வாசலில் காயப்போட்டிருந்த மிளகாயை அள்ள ஓடினேன். மிளகாயை எல்லாம் அள்ளி முடித்தேன், வாத்தியாரே. அப்புறம்தான் ஆட்கள் கூப்பிடுவது காதில் விழுந்தது.

மண் விழுந்தது எப்படி என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு வேலை போனதும் தெரியும். மூன்றாம் நாள் நீங்கள் வந்து வாசலில் நின்றதும், நான் கதவைச் சாத்தியதும் மறக்கவில்லை. அதற்காக வருத்தப்பட்டு இதை எழுதவில்லை.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவள் கடைசியாகப் பேசியது என்ன? நீங்கள்தான் பக்கத்தில் நின்றவர். வீட்டில் யாரைக் கேட்டாலும் "அதெல்லாம் எதுக்குங்க" என்கிறார்கள். சௌந்திரம், என் மருமகள், அவளைப் பெற்றவள், அவளும் கேட்கமாட்டாள், மற்றவர்களையும் கேட்கவிடமாட்டாள். நான் அப்படி இல்லை. என் தகப்பன் என்னை மணலில் உட்காரவைத்து இரண்டு வருஷம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது இந்த ஒரு கேள்வியை எழுதத்தான் போலிருக்கிறது.

பதில் போடவும்.

பாவாயி

*

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
27-2-1937

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வெங்கடாசலத்தின் நமஸ்காரம். தங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது என்னைத் திட்டி எழுதியிருப்பீர்கள் என்று நினைத்துப் பிரித்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நீங்கள் எழுதிய பெயர்களில் ஒரு பிசகும் இல்லை.

அந்தப் பாடத்தை நான் ஐப்பசியிலேயே தொடங்கினேன். மலையும் பாறையும் எப்படித் தேய்கின்றன, மண் எங்கிருந்து வருகிறது என்பது பாடம். முதலில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள கரட்டுக்குக் கூட்டிப்போனேன். வெயிலில் காய்ந்தும் மழையில் நனைந்தும் பாறை தோல் உரிந்து கிடப்பதைக் காட்டினேன். பாறை நின்ற இடத்திலேயே உதிர்வது ஒன்று. உதிர்ந்ததைக் காற்றும் தண்ணீரும் வாரிக்கொண்டு போவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது என்று சொன்னேன். புத்தகத்தில் இருப்பதை நம்ப வேண்டாம், நான் சொல்வதையும் நம்ப வேண்டாம், தரையில் உள்ள தடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு நம்புங்கள் என்றும் சொன்னேன்.

மயிலம்மாள் மறுநாள் பாவாடையில் கட்டிக்கொண்டு ஒரு பாறைத் தோல் கொண்டுவந்தாள். தோசை அளவு இருந்தது. "சார், வாரிக்கிட்டுப் போற மண்ணு எங்கீங்க போய்ச் சேருது?" என்று கேட்டாள். ஓடையிலிருந்து திருமணிமுத்தாறு, அங்கிருந்து காவேரி, அங்கிருந்து கடல் என்றேன். "அப்படீன்னா கடலுக்குள்ள எங்க காட்டு மண்ணு இருக்குதுங்களா?" என்றாள். இருக்கிறது என்றேன். சின்னண்ணன் சிரித்தான். அவள் அவன் பக்கம் திரும்பி, "உங்க காட்டு மண்ணும் இருக்குது. ஆனா எங்களுதுதான் மொதல்ல போயிருக்கும், நாங்கதான் ஓடைக்குப் பக்கம்" என்றாள். அம்மா, எட்டு வருஷம் பாடம் நடத்தினேன். இப்படி ஒரு கேள்வி வேறு யாரும் கேட்டதில்லை.

அந்தக் கரையில் மேலே சுக்கான்கல் அடுக்கு கெட்டியாகவும், கீழே வெள்ளைமண் இளக்கமாகவும் இருந்தது. இளகிய மண்ணைத் தண்ணீர் தின்று, குகை மாதிரி பொடவு விழுந்து, மேலே கூரை மாதிரி சுக்கான் நின்றது. ஆற்றோரங்களில் நடப்பது இதுதான். முந்தின நாள் ராத்திரி பெய்த மழையை நான் யோசிக்காமல் விட்டேன். குற்றம் என்னுடையது. விசாரணையிலும் அப்படித்தான் சொன்னேன்.

கடைசியாக அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கே என் மாமன் ஜவுளிக்கடையில் துணி அளந்து கொடுக்கிறேன். தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கள்
வெங்கடாசலம்

*

கருக்கம்பாளையம்
ஈசுவர வருஷம், சித்திரை 9

வாத்தியாருக்குப் பாவாயி எழுதுவது.

கடலில் எங்கள் காட்டு மண் இருக்கிறதா என்று கேட்டாளா? அது அவள்தான். வேறு யாருக்கும் அந்த வாய் வராது. அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை படித்தேன். அதற்காக உங்களுக்கு ஒரு கும்பிடு.

மற்றது பொய்.

சாலம்மாளை அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். முத்தாயம்மாள், "பாவம், புள்ளைய உடுங்க, நாலஞ்சு மாசமாத் தூக்கத்துல அலறுது" என்று குறுக்கே வந்தாள். நான் விடவில்லை. சாலம்மாள் சொன்னது இது: "ஆத்தா, சாரு மயிலாளக் கூப்புட்டு என்னமோ கேட்டாருங்க. மயிலா என்னமோ சொன்னா. சாரு தலையாட்டுனாரு. அப்புறந்தான் அவ உள்ள போனா. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்கலீங்க." அழுதுகொண்டே சொன்னாள். பிள்ளை பொய் சொல்லவில்லை.

நீங்கள் என்ன கேட்டீர்கள்? அவள் என்ன சொன்னாள்? எழுத ஒரு முக்காலணாக் கார்டு போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. விசாரணைக்கு வந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், "கூட்டிப்போவதற்கு முன்னால் அந்த இடத்தைப் பற்றி ஊரில் யாரையாவது விசாரித்தாயா?" என்று உங்களைக் கேட்டாராம். நீங்கள், "யாரையும் விசாரிக்கவில்லை" என்று சொன்னீர்களாம். அந்தப் பதிலால்தான் உங்கள் வேலை போனது என்று மருதாசலம் சொன்னான். அவன் பள்ளிக்கூடச் சுவர் ஓரம் நின்று கேட்டவன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்? இதற்கும் பதில் வேண்டும்.

புது வாத்தியார் வந்திருக்கிறார். பிள்ளைகளைக் கதவுக்கு வெளியே விடுவதில்லை. மண்ணைப் பற்றிய பாடத்தைப் பலகையில் கோடு போட்டு முடித்துவிட்டாராம். நல்லதுதான் என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

இந்த வருஷம் நாங்கள் சுவருக்கு வெள்ளைமண் பூசவில்லை. சாவு வீடு, பூசக் கூடாது. அடுத்த வருஷமும் பூச முடியும் என்று தோன்றவில்லை.

பாவாயி

*

செவ்வாய்ப்பேட்டை
6-5-1937

அம்மா அவர்களுக்கு நமஸ்காரம்.

சாலம்மாளைக் கேட்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண் பார்த்தது போதும். மயிலம்மாளிடம் நான் ஏதோ பாடத்தில் கேட்டேன், அவள் பதில் சொன்னாள். என்ன வார்த்தை என்று நினைவில்லை.

விசாரணையில் சொன்னது நான் சொல்ல வேண்டியது. பிள்ளைகளைக் கூட்டிப்போனவன் நான். வேறு யாரையும் அதில் இழுப்பதால் போனது திரும்பாது. அந்தப் பேச்சு அதோடு இருக்கட்டும்.

தங்கள்
வெங்கடாசலம்

*

கருக்கம்பாளையம்
ஈசுவர வருஷம், ஐப்பசி 20

வாத்தியாருக்கு,

ஆறு மாசம் பதில் எழுதாமல் இருந்தேன். கோபத்தினால் இல்லை, பயத்தினால். இப்போது பயம் போய்விட்டது. எல்லாவற்றையும் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்தெறிய வேண்டாம், வைத்திருங்கள்.

அந்தப் பொடவைத் தண்ணீர் வெட்டவில்லை. நான் வெட்டினேன்.

நான் மட்டும் இல்லை, எங்கள் ஊர்ப் பொம்பளைகள் எல்லோரும்தான். நோம்பிக்கும் பொங்கலுக்கும் சுவர் பூச அங்கேதான் வெள்ளைமண் எடுப்போம். நான் வாக்கப்பட்டு வந்த வருஷம் முழங்கை நுழையும் அளவுக்கு இருந்தது. என் மாமியார் அதைக் காட்டிக்கொடுத்தாள். முப்பத்தாறு வருஷத்தில் ஆள் நிற்கும் அளவுக்கு ஆனது. கடைசியாகப் போன வருஷம் புரட்டாசியில் இரண்டு கூடை எடுத்தேன். ஒரு கூடையைத் தூக்கி வந்தது மயிலம்மாள்.

மண் எடுப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. மழை பெய்தால் மூன்று வெயில் காயாமல் யாரும் அதற்குள் தலை நீட்டமாட்டோம். காய்ந்த பிறகும் களைக்கொத்துக் காம்பால் மேலே தட்டிப் பார்ப்போம். கெட்டியாகக் கேட்டால் உள்ளே போவோம். பொதபொதவென்று கேட்டால் திரும்பிவிடுவோம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஊரில் எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்வாள்.

நீங்கள் கேட்டீர்கள். என்னைத்தான் கேட்டீர்கள். முந்தின நாள் பொழுது இறங்கும் நேரம், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கையில் நோட்டும் பென்சிலுமாக வந்து நின்றீர்கள்.

"ஏனுங்கம்மா, ஓடைக்கரையில ஒரு பொடவு இருக்குதே, அது யாராச்சும் வெட்டினதுங்களா?"

"அத ஆரு வெட்டறாங்க? தண்ணி வெட்டினதுங்க."

"நல்லாத் தெரியுமுங்களா? புள்ளைங்களுக்குக் காட்டலாம்னு பாக்கறேன்."

"நான் இந்த ஊருக்கு வந்த நாளா அப்பிடியேதானுங்க கெடக்குது."

எழுதிக்கொண்டு போனீர்கள். பார்க்கத்தானே கூட்டிப்போகிறார், எதிர்க்கரையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள் என்று இருந்துவிட்டேன். அன்று ராத்திரிதான் மழை அடித்தது.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பீர்கள். ஓடை புறம்போக்கு. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால், கரையை வெட்டக் கூடாது என்று ஒரு ரெவின்யூ அதிகாரி வந்து, மண் எடுத்த எங்கள் நான்கு பேரைப் பிடித்தார். மண் கூடையைத் தலையில் வைத்துக் காலையிலிருந்து பொழுது சாயும் வரை சாவடி முன்னால் நிற்கவைத்தார். நான் மணியன் பெண்சாதி. ஆள் வைத்துப் பண்ணையம் செய்கிறவள். ஊர் முழுக்க வந்து பார்த்தது. சென்னியப்பன் மாட்டை ஓட்டிக்கொண்டு மூன்று தடவை அந்த வழியே போனான், ஒரு தடவை போதாது அவனுக்கு. என் மகன் தலையைக் குனிந்துகொண்டு போனான். மயிலாளுக்கு அப்போது ஏழு வயசு. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தலையாரி குடிக்க விடவில்லை. அவள் அந்தச் சொம்பை இறக்கிவைக்காமல், நான் நின்ற வரைக்கும் கூடவே நின்றாள்.

நோட்டும் பென்சிலுமாக யார் வந்து ஓடையைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு அந்தச் சாவடிதான் ஞாபகம் வரும். நீங்கள் வாத்தியார் என்று தெரிந்தும், நாளைக்கு யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவாரோ என்று நினைத்தேன்.

வெட்டியது நாங்கள் என்று சொல்லியிருந்தால், கூடவே மூன்று வெயில் கதையையும் சொல்லியிருப்பேன். வாய் தானாகவே சொல்லியிருக்கும். தண்ணீர் வெட்டியது என்று சொன்னதால் அதைச் சொல்ல வழியில்லாமல் போனது.

இன்னும் இருக்கிறது. நீங்கள் வந்து கேட்டபோது மயிலாள் என் பக்கத்தில்தான் நின்றாள். நீங்கள் போன பிறகு, "ஆத்தா, அது நம்ம வெட்டினதுதான?" என்றாள்.

"ஆரு கேட்டாலும் தண்ணி வெட்டினதுன்னு சொல்லு. இல்லீன்னா உன்ற ஆத்தா மறுக்காச் சாவடியில நிக்கோணும். தெரியுதா?"

"தெரியுதுங்காத்தா."

இப்போது எதற்காக அவள் கடைசிப் பேச்சைக் கேட்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

போன வாரம் இன்ஸ்பெக்டர் ஆட்டையாம்பட்டிக்கு முகாம் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மருதாசலத்தைக் கூட வரச் சொன்னேன். "செத்தவ செத்துட்டா, இப்ப எதுக்கு நம்ம மானத்த வாங்கற" என்றான். அங்காளம்மாள்தான் கூட வந்தாள். காத்தானின் தாய். அன்றைக்கு மண்ணைக் கையால் பறித்து, விரல் நகமெல்லாம் போய், என் பேத்தியை வெளியே தூக்கிவந்தவன் காத்தான்தான். நான் ஓடிப்போய் அவனைப் பார்த்ததும் முதலில் கத்தியது, "தொடாத, கீழ வெய்யி" என்று. அவன் கீழே வைத்தான். அதைப் பற்றி அங்காளம்மாள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று வழியிலும் பேசவில்லை. "நடங்க சாமி, வெயிலுக்கு முன்னால போயரலாம்" என்று மட்டும் சொன்னாள்.

இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். "ஏம்மா, இத அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"அப்ப என்னைய ஆரும் கேக்கலீங்க. கேட்டிருந்தாலும் பொய்தானுங்க சொல்லியிருப்பேன்" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு இல்லை. உங்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இனி எனக்காக நீங்கள் மறைக்க ஒன்றும் இல்லை. அவள் என்ன சொன்னாள், எழுதுங்கள்.

பாவாயி

*

ஜேடர்பாளையம்
19-1-1938

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

தங்கள் வாக்குமூலத்தினால் வேலை கிடைத்துவிட்டது. பொங்கலுக்கு முன் இங்கே வந்து சேர்ந்தேன். காவேரிக்கரையில் பள்ளிக்கூடம். இதை எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, பத்து நாள் ஆகிவிட்டது.

நீங்கள் மறைக்காமல் எழுதினீர்கள். நான் மட்டும் மறைத்துக்கொண்டு இந்தச் சம்பளத்தை வாங்க முடியாது.

உங்களிடம் கேட்க வருவதற்கு முன்பே நான் தனியாகப் போய் அந்தப் பொடவைப் பார்த்தேன். உள்சுவரில் கொத்து விழுந்த தடங்கள் இருந்தன. மூன்று விரல் அகலம், ஒன்றன்மேல் ஒன்றாக, வரிசையாக. தண்ணீர் அப்படி வெட்டாது. தண்ணீர் வழித்துத் தேய்க்கும். இதை நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சந்தேகம் வந்துதான் உங்களிடம் கேட்டேன். நீங்கள் தண்ணீர் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. ஊரிலேயே கண்டுபிடித்த உதாரணம் என்று பாடக்குறிப்பில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். அவ்வளவு அழகாக, மேலே கெட்டியும் கீழே இளக்கமுமாக, வேறு இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

காலையில் பிள்ளைகளோடு போனபோது வெளிச்சத்தில் அந்தத் தடங்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. பிள்ளைகள் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு கணம் நின்றேன். உங்கள் பேத்தியைக் கூப்பிட்டேன். "மயிலம்மா, இது தண்ணி வெட்டினதுதானே?" என்று கேட்டேன். யார் வெட்டியது என்று கேட்கவில்லை. தண்ணீர்தானே என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க சார், தண்ணிதானுங்க வெட்டுச்சு. எங்க ஆத்தாளே சொன்னாங்க" என்றாள்.

நான் தலையாட்டினேன். சாலம்மாள் பார்த்தது அதுதான்.

நான் சொல்லாமலே மயிலம்மாள் உள்ளே போனாள். அந்தத் தடங்கள் இருந்த இடத்தில் முதுகை வைத்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "பாருங்க சார், வழுவழுன்னு இருக்குது" என்றாள். அதுதான் கடைசி. அவள் எதை மறைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, அம்மா. வெளியே வா என்று நான் சொல்லவில்லை. குச்சியை நீட்டி, மேலே இருந்த சுக்கான் அடுக்கைக் காட்டி, மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் மனம் தாங்காது என்றுதான் இதைச் சொல்லவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை.

நீங்கள் சொன்ன பொய்யை நான் மனதார மன்னித்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்களும் என்னை மன்னித்ததாக ஒரு வரி எழுதினால், இனிமேல் பிள்ளைகள் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் வரும்.

இங்கே நான்காம் வகுப்புக்கு அதே பாடம் இந்த மாதம் வருகிறது. நடத்துவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

தங்கள் பாதங்களில் வணங்கும்
வெங்கடாசலம்

*

கருக்கம்பாளையம்
ஈசுவர வருஷம், மாசி 12

வாத்தியாருக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். சௌந்திரத்தை உட்காரவைத்து அவளுக்கும் படித்துக் காட்டினேன். நான் சொன்ன பொய்யிலிருந்து, முதுகை வைத்து மறைத்தது வரைக்கும் எதையும் விடவில்லை. அவள் எழுந்து போனாள். பொழுது சாய்ந்ததும் எனக்குச் சோறு போட்டாள். தண்ணீர் வைத்தாள். பேசவில்லை. இன்றைக்குப் பதினாறு நாள் ஆகிறது, இன்னும் பேசவில்லை. எனக்கு ஆக வேண்டியது என் வீட்டிலேயே ஆகிக்கொண்டிருக்கிறது. அதை நீங்கள் மன்னித்துக் குறைக்க வேண்டாம். மன்னிக்கச் சொல்லி நான் உங்களைக் கேட்கவும் இல்லை.

பாடத்தை நடத்துங்கள். அதற்காகத்தான் ஆட்டையாம்பட்டிக்கு நடந்தேன். கரட்டுக்குக் கூட்டிப்போங்கள், பாறைத் தோலைக் காட்டுங்கள். காவேரி பக்கத்திலேயே ஓடுகிறது. மண் எங்கே போகிறது என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்ளும். கரையில் பொடவு கண்டால் முதலில் அந்த ஊர்ப் பொம்பளைகளைக் கேளுங்கள். நோட்டை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். மழை பெய்தால் மூன்று வெயில். காய்ந்தாலும் காம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். இதையும் பாடத்தில் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். புத்தகத்தில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் கடிதத்தில் எழுதிய பேர்களைத் திரும்பப் பார்த்தேன். சின்னண்ணன் பின்னால் நின்றதற்கு அவனை வைதேன். அவன் குழந்தை. விட்டுவிட்டேன். ஆண்டியும் சாலம்மாளும் ஒன்றும் செய்யவில்லை. சென்னியப்பன் அன்று கரைமேலிருந்து குதித்து வந்து காத்தானோடு சேர்ந்து மண் அள்ளினானாம், இப்போதுதான் தெரியும். கயிற்றையும் சாவடியையும் விட்டுவிட்டேன். முப்பத்தேழு வருஷம் வைத்திருந்ததை விடுவது லேசில்லை, ஆனாலும் விட்டுவிட்டேன். காத்தானிடம் போய், நான் கத்தியது தப்பு என்று சொன்னேன். "அத அப்பவே மறந்துட்டனுங்க சாமி" என்றான். மறக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. அவன் என்னை மன்னிக்க வேண்டாம். அது அவன் இஷ்டம்.

மயிலாள் பொய் சொன்னாள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நான் அன்று அங்கே இல்லை, ஆகையால் இந்த வரிசையில் என் பேர் வராது. என் பேர் எழுதும் இடம் வேறு. அது சௌந்திரத்தின் கையில் இருக்கிறது.

மிச்சம் ஒரு பேர்.

நான் பயந்து பொய் சொன்னேன். அவள் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள். ஒருவர் மட்டும் பொய்யே சொல்லவில்லை. கொத்துத் தடத்தைக் கண்ணால் பார்த்தார். அது என்ன என்று தெரிந்து வைத்திருந்தார். பத்து வயசுப் பெண்ணைக் கூப்பிட்டு, தனக்கு வேண்டிய பதிலை அவள் வாயிலிருந்து வாங்கிக்கொண்டார். அவள் அந்தத் தடத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றபோது, வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதற்குப் பதில் போட வேண்டாம். வந்தால் பிரிக்கமாட்டேன். நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. சாகும்போதும் எழுதமாட்டேன். அன்று ஓடைக்கரையில் இருந்தவர்களில் நான் மன்னிக்காதது ஒருவரைத்தான்.

வாத்தியார் வெங்கடாசலம்.